மூன்றில் ஒரு பங்கு படகு

1

எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு படகு இருக்கிறது. எந்தப் பங்கு, முன்பக்கமா பின்பக்கமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கொழும்பில் வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கை போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அதைக் கேட்டுவிட்டாள்.

"அக்கா, உங்கட பங்கில எஞ்சின் இருக்கோ, இல்லாட்டிக் கக்கூஸ் மட்டுமோ?"

கேட்டுவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு, பங்கு என்றால் என்ன, யார் யார் பங்காளிகள், கோடை விடுமுறையில் எப்படிப் போவோம் என்று விளக்கத் தொடங்கினேன். அட்டையில் காசு முடிந்து தொலைபேசி நின்றுவிட்டது. பாதிக் கதை என் வாயிலேயே நின்றது. எனக்கோ ஒரு கதையைப் பாதியில் விட்டால் சோறு இறங்காது. ஆகவே மீதியை ஊரில் உள்ள எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். தங்கை வாசித்தால் அவளுடைய கேள்விக்கும் பதில் இருக்கிறது: எஞ்சினும் எங்களுடையதுதான், கக்கூஸும் எங்களுடையதுதான், ஆனால் வருடத்தில் சில கிழமைகளுக்கு மட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே ஊரில் சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிறது. மாவும் மண்ணெண்ணெயும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். இங்கே நாங்கள் படகு வாங்கிச் சவாரி போகிறோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நாங்கள் இங்கே அழுதுகொண்டுதான் இருக்கிறோம் என்று எழுதினால் அது பொய். சந்தோஷமாக இருந்த நாட்களும் உண்டு. அவற்றையும் சொல்ல ஒருவர் வேண்டாமா?

2

மொன்றியல் ஒரு தீவு. இது இங்கே வந்து ஏழு வருடத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். கோட்-டெ-நேஜில் ஆறாம் மாடி, மெட்ரோ, வேலை, திரும்ப மெட்ரோ என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்குச் சுற்றிவரத் தண்ணீர் இருப்பது எப்படித் தெரியும்? பிறகு கர்க்லாண்டில் வீடு வாங்கி, புவாண்ட்-கிளேரில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் எனக்கு வேலையும் கிடைத்த பின்தான், மதிய உணவு நேரத்தில் ஏரிக்கரையில் போய் நின்று பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகப் பாய்மரங்கள். இந்தச் சனத்துக்கு வேலை வெட்டி இல்லையா என்றுதான் முதலில் நினைத்தேன்.

படகைக் கொண்டுவந்து சேர்த்தது குணம் அண்ணை. கடலோரக் காரைநகர்க்காரர், எஞ்சின் திருத்துகிறவர். வயதான பிரெஞ்சுக்காரர் ஒருவருடைய படகு எஞ்சினை மூன்று வருடமாகத் திருத்திக் கொடுத்து வந்தார். அந்த மனிதருக்கு முழங்கால் போய்விட்டது. "நீயே எடுத்துக்கொள், ஆனால் அவளை அழ விடாதே" என்று படகை ஒரு பெண்ணைப் போலச் சொல்லி, கேட்டால் சிரிப்பு வருகிற விலைக்குக் கொடுத்துவிட்டார். இருபத்தாறு அடிப் படகு. நாலு பேர் படுக்கலாம். ஒரு சின்ன அடுப்பு, ஒரு சின்னக் கழுவுதொட்டி. பின்பக்கத்தில் பிரெஞ்சில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அதற்கு அர்த்தம் 'அழகான சோம்பல்' என்று என் மகள் அபி சொன்னாள். சாமிப் பெயர் ஒன்று வைக்கவேண்டும் என்று குணம் அண்ணை துள்ளினார். பெயர் மாற்றினால் இன்னும் நாலு படிவம் நிரப்பவேண்டும் என்றதும் அடங்கிவிட்டார்.

குணம் அண்ணையும் பூமணி அக்காவும் ஒரு பங்கு. நானும் என் கணவர் நாதனும் ஒரு பங்கு. மூன்றாவது பங்குக்கு முரளி வந்தான். சென்னைப் பையன், கணினி வேலை. எங்கள் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தான். "அண்ணே, எனக்கு நீச்சலே தெரியாது. ஆனா போட் வேணும்ணே" என்று சொல்லிச் சேர்ந்துகொண்டான்.

பதிவு செய்யும் இடத்தில்தான் முதல் கூத்து. படிவத்தில் மூன்று உரிமையாளர்கள். மூவருக்கும் குடும்பப்பெயர் என்ற இடத்தில் தகப்பன்மாருடைய நீண்ட நீண்ட பெயர்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் மூன்று தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று கேட்டாள். குணம் அண்ணை யோசிக்காமல் "பிரதர்ஸ்" என்றார். மூன்று பெயர், மூன்று நிறம், இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டு! அந்தப் பெண் முரளியை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, "ஸேம் மதர் டங்" என்றான். அவள் சிரித்துவிட்டு முத்திரை குத்தினாள்.

3

ஒப்பந்தம் ஒரு பள்ளிக் கொப்பியில் எழுதினோம். கோடை முழுவதையும் ஏழேழு நாளாக, கிழமை கிழமையாகப் பிரிப்பது. பால்பேணிக்குள் துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுப்பது. யாருக்கு எந்தக் கிழமை விழுந்ததோ, அந்தக் கிழமை படகு அவருடைய சொந்தம். மற்றவர் மூச்சு விடக்கூடாது. வெள்ளைக்காரர் இப்படித்தான் செய்கிறார்கள் என்று முரளி இணையத்தில் பார்த்துவந்து சொன்னான். எல்லோரும் கையெழுத்து வைத்தோம். நல்ல தெளிவான ஒப்பந்தம்.

அது ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை.

முதல் கிழமை குணம் அண்ணைக்கு விழுந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பூமணி அக்கா அழைத்தா. "சாந்தா, நாளைக்கு வெளிக்கிடுறம். நீங்கள் வராமல் என்னெண்டு போறது? நண்டு வாங்கியாச்சு." வரமாட்டோம் என்றால் குறை நினைப்பா என்று போனோம். முரளியையும் கூப்பிட்டிருந்தார்கள், அவனும் வந்தான். அடுத்தது எங்கள் கிழமை. அவர்கள் கூப்பிட்ட பிறகு நாங்கள் கூப்பிடாமல் விடலாமா? கூப்பிட்டோம், வந்தார்கள். இரண்டாம் கோடையில் முரளி ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்துக்கொண்டு வந்தான். மனைவி வித்யா வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அவர்கள் கிழமைக்கு, புதுத் தம்பதி அல்லவா, தனியாக விடக்கூடாது என்று நாங்கள் ஐந்து பேரும் புட்டு, சம்பல், மடிக்கிற கதிரைகளோடு போய் ஏறினோம். வித்யா பாவம், எலுமிச்சைச் சாதத்தை எங்களுக்குப் பகிர்ந்து வைத்தாள்.

ஆக, ஏழு பேர், எல்லாக் கிழமையும். படுக்க இடம் நாலு பேருக்குத்தான். மற்றவர்கள் பின்னேரம் காரில் வீட்டுக்குப் போய்க் காலையில் திரும்பி வருவார்கள். படகு தண்ணீரில் போக, கார் கரையால் போகும். லைஃப் ஜாக்கெட் எட்டு வாங்கி வைத்திருந்தோம். எங்களுக்கு ஏழு, விருந்தாளி வந்தால் ஒன்று.

குணம் அண்ணை ஏரியைப் பார்த்துச் சொல்வார், "இதென்ன தண்ணி? எங்கட கடலுக்கு முன்னால இது கோயில் கேணி." அந்தக் கேணியில் கொஞ்சம் காற்று வீசியதும் முதலில் வாந்தி எடுத்தது அவர்தான். பூமணி அக்கா தலையைப் பிடித்துக்கொண்டே, "காரைநகர்ச் சிங்கம்" என்பா.

என்னைக் கேட்டால், நான் அதற்கு முன் கடைசியாகப் படகில் ஏறியது, சண்டைக்குள்ளால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, கிளாலிக் கடலேரியில். அபிக்கு அப்போது ஐந்து வயது, என் மடியில். அந்தப் பயணத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு படகு என்ற சொல்லே எனக்கு வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் ஒரு ஜூலைக் காலையில், கையில் தேநீரோடு, யாருக்கும் பயப்படாமல் தண்ணீருக்கு மேலே சும்மா இருந்தபோது, என் உடம்பே அதை நம்பவில்லை. அடி, இது இவ்வளவு நல்லாயிருக்குமா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

4

மூன்றாம் கோடைதான் இந்தக் கதை.

அபி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய கல்லூரிப் படிப்பை முடித்திருந்தாள். பத்தொன்பது வயது. வன்கூவரில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்தது. இங்கே மொன்றியலிலும் இடம் கிடைத்தது. அவள் வன்கூவருக்கு ஓம் என்று சொல்லிவிட்டாள், ஆனால் இங்குள்ள இடத்தை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. வன்கூவர் என்றால் விமானத்தில் ஐந்து மணித்தியாலத்துக்கும் மேலே. ஒரே பிள்ளை. வீட்டில் எங்களோடு கதைப்பது ஏற்கெனவே குறைந்து, நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, அதுவும் போய் 'இட்ஸ் ஓகே அம்மா' மட்டும் மிஞ்சியிருந்தது. இந்தப் பிள்ளை அவ்வளவு தூரம் போனால் அந்த 'இட்ஸ் ஓகே'யும் கிடைக்காது என்று எனக்குள் ஒரே பதைப்பு.

நான் ஒரு முடிவு எடுத்தேன். எங்கள் கிழமையில் நாங்கள் மூன்று பேரும் மட்டும் போவது. அங்கே, அவள் கதவைச் சாத்திக்கொண்டு போக அறையில்லாத இடத்தில், பக்கத்தில் இருத்தி, போகாதே என்று கேட்பது. கெஞ்ச வேண்டுமென்றால் கெஞ்சுவது.

ஆனால் அதற்கு மற்றவர்களை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டுமே! எங்கள் சனத்தில் யார் யாரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? மூன்று நாள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே திரிந்தேன். இவர் சொன்னார், "உமக்கு ஏலாட்டி நான் சொல்லுறன்." இவர் சொன்னால் அது இன்னும் மோசமாக முடியும். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பூமணி அக்காவுக்கு அழைத்தேன்.

"அக்கா, குறை நினைக்கக் கூடாது. இந்த முறை எங்கட கிழமைக்கு... பிள்ளை போகப்போறாள்... நாங்கள் மூண்டு பேரும்..."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. போச்சு, பன்னிரண்டு வருட உறவு போச்சு என்று நினைத்தேன்.

"அப்பாடா!" என்றா பூமணி அக்கா. "நான் வராட்டி நீங்கள் குறை நினைப்பியள் எண்டுதான் தங்கச்சி இவ்வளவு நாளும் வந்தனான். உந்தப் படகில குந்தி இருந்து என்ர இடுப்பு விட்டுப்போச்சு."

"அப்ப உங்கட கிழமைக்கு ஏன் எங்களைக் கூப்பிட்டனீங்கள்?"

"கூப்பிடாட்டிக் குறை நினைப்பியள் எண்டுதான்!"

எனக்கு வந்த சிரிப்பில் தொலைபேசி கைநழுவிப் போனது. அதே துணிவில் வித்யாவுக்கும் சொன்னேன். அவள் அறைக் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "அக்கா, உண்மையச் சொல்லட்டுமா?" என்றாள். "ஹனிமூன்ல ஏழு பேர். எங்கம்மாகிட்ட இன்னும் சொல்லவே இல்ல."

5

சனிக்கிழமை காலை மூன்று பேரும் வெளிக்கிட்டோம். சென்ட்-ஆனில் இரண்டு ஏரிகளுக்கு நடுவே தண்ணீர் மட்டம் வேறுபடும். அதனால் படகை ஒரு நீளமான தொட்டிக்குள் விட்டு, இரண்டு பக்கமும் கதவைச் சாத்தி, தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ மற்றப் பக்கம் விடுவார்கள். பிரெஞ்சில் எக்லூஸ். குணம் அண்ணை வைத்த பெயர் தொட்டி. எங்களிடையே அதுதான் நின்றுவிட்டது. தொட்டியின் கரையில் கடைகளும் மரப்பலகை நடைபாதையும் உண்டு. ஐஸ்கிறீம் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். இவர் அங்கே மட்டும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, கப்பல் கப்டன் மாதிரிச் சுக்கானைப் பிடித்திருப்பார்.

தொட்டியைத் தாண்டி மேல் ஏரிக்குள் போனோம். நல்ல வெயில், நல்ல காற்று. இவர் ஒரே பாட்டு. நான் இடியப்பமும் சொதியும் வைத்தேன். ஓகாக் கரையில் நங்கூரம் போட்டு மூன்று பேரும் குளித்தோம். இரண்டாம் நாள் கரியோன் என்ற இடத்தில் உள்ள பெரிய தொட்டியைப் பார்க்கப் போனோம். அது ஐந்தாறு மாடி உயரம். இரும்புக் கதவு மேலே இருந்து தொங்குகிறது. அதற்குக் கீழால் போகும்போது இவர் பாட்டை நிறுத்திவிட்டுக் குளிர்ந்த தண்ணீர் தலையில் சொட்டச் சொட்ட அண்ணாந்து பார்த்தார். "என்னப்பா, வாயை மூடுங்கோ, தண்ணி போகுது" என்றேன்.

எல்லாம் சரி. நான் வந்த அலுவல் மட்டும் நடக்கவில்லை.

முதல் நாள் பக்கத்தில் போய் இருந்தேன். அவள் காதில் பாட்டுக் கருவி. இரண்டாம் நாள் "பிள்ளை, உன்னோட ஒண்டு கதைக்கோணும்" என்று தொடங்க, இவர் "இஞ்சாரும், அந்தக் கயித்தைப் பிடியும்!" என்று கத்தினார். மூன்றாம் நாள் சுற்றி வளைத்து, "வன்கூவரில ஒரே மழையாம்" என்றேன். "ஐ நோ, அம்மா" என்றாள். அவ்வளவுதான். மடியில் ஒரு தடித்த புத்தகம். பார்வை தண்ணீரில். நாலு பக்கமும் அமைதி. நான் கேட்டு வாங்கிய அமைதி அது. இப்போது அதுவே என்னைக் கடித்தது. பிள்ளை மனதளவில் ஏற்கெனவே போய்விட்டாள் என்று நினைத்து, கழுவுதொட்டிக்கு முன்னால் நின்று, வெங்காயம் வெட்டுவது போலக் கொஞ்சம் அழுதேன்.

அன்று பின்னேரம் அவள் தொலைபேசியில் யாரோடோ கதைப்பது கேட்டது. தமிழில். நல்ல யாழ்ப்பாணத் தமிழில்.

"பூமணி மாமி, என்ன செய்யிறியள்? ...சும்மாதான். நாளைக்கு வாறியளே? ஓம், படகுக்குத்தான். முரளி மாமாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. ...ஆர், உங்கட தங்கச்சி குடும்பமோ? டொரொன்டோவில இருந்தோ? அவையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. நண்டு காய்ச்சுங்கோ மாமி, அம்மா ஒரு கறியும் ஒழுங்கா வைக்கேல்லை."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. மூன்று நாள் பாடுபட்டு ஒரு வேண்டாம் சொல்லி நான் வாங்கிய கிழமை! மூன்று நிமிடத்தில் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டாள். இவர் மட்டும், "நண்டோ?" என்று கேட்டார்.

6

அடுத்த நாள் பதினொரு மணிக்கு சென்ட்-ஆனில், தொட்டிக்கு மேல்புறத்தில், எல்லோரும் வந்து நின்றார்கள். பூமணி அக்கா இடுப்பில் ஒரு பட்டி கட்டிக்கொண்டு, இரண்டு பெரிய சட்டியோடு. குணம் அண்ணை வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு. முரளியும் வித்யாவும். டொரொன்டோவிலிருந்து வந்த தங்கச்சி, அவருடைய கணவர், ஒரு பெண்பிள்ளை. எல்லோரும் ஏறினார்கள். தொட்டியைக் கடந்து கீழ் ஏரிக்குப் போய், மத்தியானம் சாப்பிட்டு, மூன்று மணிக்குத் திரும்புவது திட்டம்.

தொட்டிக்குள் படகை விட்டதும், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு நடுத்தர வயதுப் பெண் மேலே வந்து நின்றாள். அங்கே கடமையில் இருப்பவள். விரலால் எங்களை எண்ணினாள். பிறகு பக்கத்தில் அடுக்கியிருந்த ஜாக்கெட்டுகளை எண்ணினாள். பிரெஞ்சில் என்னவோ சொன்னாள். அபி தமிழில் சொன்னாள்.

"பத்துப் பேர் நிக்கிறம். எட்டு ஜாக்கெட்தான் இருக்கு. படகும் எட்டுப் பேருக்குத்தானாம். ரெண்டு பேர் இறங்கோணுமாம்."

பிறகு நடந்ததை அந்தத் தொட்டி அதற்கு முன் கண்டிருக்காது. பூமணி அக்கா எழும்பி, "நாங்கள் இறங்கிறம், இது உங்கட கிழமை" என்றா. டொரொன்டோத் தங்கச்சி, "ஐயோ அக்கா, நாங்கள் இடையில வந்தனாங்கள், நாங்கள் இறங்கிறம்" என்றா. முரளி, "அண்ணே, நீங்க உக்காருங்க, நானும் வித்யாவும் கார்ல வர்றோம்" என்றான். நான், "விருந்துக்கு வந்த ஆக்களை இறக்கிறதோ? சும்மா இருங்கோ!" என்று கத்தினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பி நின்று ஒருவரை ஒருவர் பிடித்து இருத்த, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் நின்ற படகுகள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களையே பார்த்தாள். சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்திருப்பாள்.

அப்போது அபி வெறுங்காலோடு சுவர் ஏணியைப் பிடித்து ஏறி மேலே போய்விட்டாள்.

"மாமி, இருங்கோ" என்றாள், மேலே நின்று. "எங்கட கிழமை. எங்கட ஆக்கள்தான் இறங்கோணும். நண்டு ஆறப்போகுது, போங்கோ!"

இவருடைய கையில் சுக்கான். அப்படியென்றால் இரண்டாவது ஆள் நான்தான். யோசிக்காமல் ஏணியில் கால் வைத்தேன். பின்னால் முரளி தள்ளிவிட்டான். தண்ணீர் இறங்க, படகும் கொஞ்சம் இறங்கிற்று. பூமணி அக்கா, "பிள்ளைக்குப் பசிக்குமே!" என்று ஒரு வடைப் பொதியை மேலே எறிந்தா. கதவு திறந்தது. எங்களுடைய படகு, எங்களுடைய கிழமையில், எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. கரையில் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு நின்ற யாரோ கைதட்டினார்கள்.

என் செருப்பு படகில். கைப்பை படகில். தொலைபேசிகள் படகில். மூன்று மணித்தியாலம். ஒரு மரத்தடி நிழலாகப் பார்த்து இருவரும் போய் இருந்தோம். வடைப் பொதியைப் பிரித்தோம்.

"கோவமோ அம்மா? நான்தான் கூப்பிட்டனான்."

"கோவம்தான்" என்றேன்.

"ஏன் கூப்பிட்டனான் எண்டு கேக்க மாட்டீங்களோ?"

நான் வடையைப் பிய்த்தேன். அவளே சொன்னாள். தமிழில் தொடங்கி, முட்டுப்பட்ட இடங்களில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் தமிழுக்கு வந்து.

"மூண்டு நாளா ஒருத்தரும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. நான் அந்தப் புத்தகத்தில ஒரு பக்கமும் வாசிக்கேல்லை அம்மா. வன்கூவர்லயும் இப்பிடித்தான் இருக்கும் எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். எனக்கு ஆக்கள் இல்லாமல் இருந்து பழக்கம் இல்லை. எங்கட வீட்டில எப்பவும் ஆரோ இருப்பினம். எனக்குப் பயமாக் கிடக்கு. நான் போகேல்லை எண்டு சொன்னால் நீங்கள் சிரிப்பியளோ?"

நான் கேட்க வந்தது தானாகவே என் மடியில் வந்து விழுந்தது. நான் ஒன்றும் கெஞ்சத் தேவையில்லை. சரி, நில், என்று இரண்டு சொல். பிள்ளை வீட்டில் நின்றிருப்பாள். அந்த இரண்டு சொல்லும் நாக்கு நுனியில் வந்து நின்றன. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு ஆசையாக இருந்தது.

ஆனால் ஏணியில் வெறுங்காலோடு ஏறின பிள்ளையை நான் இப்போதுதானே பார்த்தேன். வந்த ஆட்களை இருத்திவிட்டுத் தான் இறங்கின பிள்ளை. இவளை எந்த ஊரில் விட்டாலும் ஒரு மாதத்தில் இவளைச் சுற்றி ஒரு கூட்டம் இருக்கும். அது எனக்குத் தெரிந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

"பூமணி மாமி எனக்கு எப்பிடிப் பழக்கம் எண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"சொந்தம் தானே?"

"சொந்தமோ! ஆறாம் மாடியில இருக்கேக்கை, நாங்கள் வந்து மூண்டு மாசம், ஒரு சனத்தைத் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போனால் நான் சுவரோடதான் கதைக்கிறது. ஒருநாள் கீழ உடுப்புத் தோய்க்கிற அறையில ஒரு மனுசி நிண்டா. பேர் தெரியாது, ஊர் தெரியாது. பொட்டு வைச்சிருந்தா, அவ்வளவுதான். பின்னேரம் புட்டு அவிக்கிறன், வாங்கோ எண்டன். இண்டு வரைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறா."

அபி சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கச் சிரித்தாள்.

"நீ போ" என்றேன். மறுபடி சொன்னேன். "போ, பிள்ளை. போன முதல் நாளே ஒரு ஆளைச் சாப்பிடக் கூப்பிடு. பேந்து அவை தாங்களா வருவினம்."

"எனக்குப் பருப்புக் கறி மட்டும்தான் காய்ச்சத் தெரியும்."

"அது காணும்."

"பத்துப் பேர் வந்தால்?"

"தண்ணி விடு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அந்தக் கறுப்புக் கண்ணாடிப் பெண் திரும்பிப் பார்த்தாள். பிறகு அபி என் தோளில் தலையை வைத்துக்கொண்டு, படகு வருமட்டும் கதைத்தாள். கல்லூரிக் கதை, சிநேகிதப் பிள்ளைகளின் கதை, எனக்குச் சொல்லாமல் செய்த கள்ள வேலைகள் எல்லாம். இவளுக்கு இவ்வளவு கதை இருந்ததா என்று நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் கடைசியில் அவளை ஏற்றிவிட விமான நிலையம் போனோம். பெட்டியின் நிறை கூடிவிட்டது, எதையாவது எடுக்கவேண்டும் என்றார்கள். அவள் நிலத்தில் குந்தியிருந்து பெட்டியைத் திறந்து, நான் புதிதாக வாங்கிக் கொடுத்த குளிர்க்கோட்டை இழுத்து என் கையில் தந்தாள். "அம்மா, வன்கூவர்ல குளிர் குறைவுதானே" என்றாள். அடியில் கிடந்த ஐந்து கிலோ மைசூர்ப் பருப்பைத் தொடவே விடவில்லை.